ஒரே படத்தில் கோழியும் நீரும்

மொட்டைமாடியில் என் வீட்டுக்காரி கூழ்வத்தல் போட்டிருக்கிறாள். காக்கை வந்து கொத்தாமல் இருக்க, கொடியில் பழைய எக்ஸ்ரே படங்களைக் கிளிப் மாட்டித் தொங்கவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். காற்றில் படபடக்கும், வெயில் பட்டால் மின்னும், எந்தப் பறவையும் கிட்ட வராது. பரணில் கிடந்த படக்கட்டை எடுத்துக் கொடுத்தவன் நான்தான். எது யாருடைய படம் என்று பார்க்கவில்லை. இன்று முற்பகல் காய்ந்த வேட்டியை எடுக்க மாடிக்குப் போனேன். வத்தல் பரப்பிய வெள்ளைத் துணியின் மேல் கறுப்பாக ஒரு சதுர நிழல் விழுந்திருந்தது. அந்தக் கறுப்புக்குள் வெளிச்சமாக ஓர் இடுப்பு, இடுப்புக்கு மேலே முதுகெலும்பு, முதுகெலும்போடு ஒட்டினாற்போல மடக்கி வைத்த இறக்கை. மற்றப் படங்களின் பக்கம் ஒரு குருவிகூட இல்லை. அந்த நிழலுக்குள் மட்டும் ஒரு காக்கை நின்று நிதானமாக வத்தலைத் தின்றுகொண்டிருந்தது.

அண்ணாந்து கொடியைப் பார்த்தேன். நீர்தான் வே அது. நீரும் உம்முடைய கோழியும். கையை ஓங்கினேன், காக்கை என்னைப் பார்த்ததே தவிரப் போகவில்லை. படத்தைக் கொடியிலிருந்து இறக்கிய பிறகுதான் பறந்தது. படத்தில் பிலிம் கழுவும் மருந்தின் புளித்த வாடை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதை மோந்துகொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தவன் இன்னும் கீழே இறங்கவில்லை. என் வீட்டுக்காரி சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துவிட்டாள்.

நீர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "நான் போயிட்டா என் முதுக மட்டும் எரிக்க விட்டுராதேயும் வே." அது நடந்ததா இல்லையா என்று உமக்குச் சொல்ல வேண்டாமா? அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவனாக நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீர் வந்தீர். கல்லூரியில் விலங்கியல் வாத்தியார், முப்பது வயதுகூட ஆகாத ஆள். காலையில் எழுந்தால் முதுகு பலகை மாதிரி இருக்கிறது, மத்தியானத்துக்கு மேல் இளகிவிடுகிறது என்றீர். படம் எடுத்துக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட வெளியே கொண்டுவந்தேன். எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. படத்தில் என்ன தெரிந்தாலும் நாங்கள் வாய் திறக்கக் கூடாது. "டாக்டர் சொல்லுவாரு சார்" என்றேன். நீர் படத்தை என் கையிலிருந்து வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தீர்.

"இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவுல ஒரு கோடு இருக்கணுமே. எங்க வே அந்தக் கோடு?"

"டாக்டர் சொல்லுவாரு."

"அவரு சொல்லுததச் சொல்லட்டும். உம்ம கண்ணுக்குத் தெரியுதா?"

தெரியவில்லை என்று தலையாட்டினேன். நீர் சிரித்தீர். தன் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கிவிட்டன என்பதைச் சிரித்துக்கொண்டே தெரிந்துகொண்ட ஆளை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வரத் தொடங்கினீர். உம் தூக்குச்சட்டியில் தயிர்சோறு, என் டப்பாவில் சாளை மீன் குழம்பு. மஞ்சப்பையில், என்னிடம் எக்ஸ்ரே எடுக்க நீர் கொண்டுவரும் கோழி எலும்பு. முட்டைகூட நுழையாத சைவ வீட்டு ஆள் நீர். என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி வைத்தால் எலும்பைக் கடிக்காமல் எடுத்துவைக்கச் சொன்னீர். "சைவக்காரரு எலும்பு கேக்காரா?" என்று என் வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் உமக்கு வேண்டிய எலும்பு எங்கள் குழம்பில் கிடைப்பதே இல்லை. கோழியை வெட்டும்போதே வால்முனையைக் கடைக்காரர் தள்ளிவிடுவார். கடைசியில் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு மேலப்பாளையம் கறிக்கடைக்கே என்னோடு வந்துவிட்டீர்.

"சார், அது திங்க மாட்டாக. நாய்க்குத்தான் போடுவோம்" என்றார் கடைக்கார பாய்.

"எனக்கு அதான் வேணும் பாய். வெட்டாம, வாலோட முழுக் கோழியாத் தாங்க."

பாய் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அந்த வால்முனையில்தான் உம் உயிரே இருந்தது. ஜெர்மனியில் சுண்ணாம்புக் கல்லில் கிடைத்த ஆதிப் பறவையின் படத்தைக் காட்டி எனக்கு விளக்குவீர். இறகு இருக்கிறது. ஆனால் வாயில் பல், கையில் நகம், பின்னால் பல்லிக்கு இருப்பது போல நீளமான எலும்பு வால். அதற்குப் பிந்திய சீனத்துக் கற்களில், ஏரிச் சேற்றில் அமுங்கிய பறவைகள். அவற்றின் வாலெலும்புகள் சுருங்கி, ஒட்டி, ஒரே குச்சியாகிவிட்டன. கை நீண்டுவிட்டது. சிலவற்றுக்குப் பல்லும் போய் அலகு வந்துவிட்டது. உடம்பின் அளவுக்குத் தக்கபடி கையும் காலும் ஒரே திட்டத்தில் வளர்ந்துவந்த டைனோசர் வம்சம் அது. பறவை என்று ஆனதும் அந்தத் திட்டம் உடைந்து எல்லாம் அவசர அவசரமாக மாறியிருக்கிறது என்பீர். சொல்லும்போது தயிர்சோறு விரலில் காய்ந்து போகும்.

"நீள வாலு இருக்கு, குட்ட வாலு இருக்கு. பாதி வாலு எங்க வே? நடுவுல உள்ளதக் காணலியே."

"தோண்டத் தோண்டக் கிடைக்காமலா போயிரும்?"

"சீக்கிரம் நடந்தது கல்லுல தங்காது. பைய நடந்தாத்தான் எலும்பு விழுந்து விழுந்து சேரும். இது ஓட்டமா ஓடியிருக்கு."

அந்தக் காலத்தில் டிஜிட்டல் கிடையாது. கேசட் என்கிற தட்டையான பெட்டிக்குள் பிலிமை வைத்துத்தான் படம் எடுப்போம். எடுத்து முடித்த கேசட் இடது பக்கம், எடுக்காதது வலது பக்கம். ஒரு நாள் உம் முழுக் கோழியைப் படம் எடுத்த கையோடு முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டது. நீர் கோழியைப் பைக்குள் திணித்தீர். நான் கேசட்டைப் பதற்றத்தில் வலது பக்கம் செருகிவிட்டேன். முதலாளி வந்து நின்று, "என்ன வே, கறிக்கடை வாடை அடிக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று உமக்கும் படம் எடுக்க வேண்டிய நாள். மேஜையில் படுத்தீர். நான் அதே கேசட்டை எடுத்து உம் இடுப்புக்குக் கீழே வைத்தேன். கோழியை மறைக்கப் போய் வந்த வினை.

இருட்டறையில், சிவப்பு விளக்கின் கீழே, மருந்துத் தொட்டிக்குள் படம் மெல்லத் தெளிந்து வந்தது. முதலில் உம் இடுப்பு வந்தது. பிறகு அதற்குள்ளிருந்து இறக்கை வந்தது. உம் முதுகெலும்பும் கோழியின் முதுகெலும்பும் ஒரே கோட்டில் விழுந்திருந்தன. எங்கே நீர் முடிகிறீர், எங்கே கோழி தொடங்குகிறது என்று எலும்பு பார்த்தே பிழைக்கிற எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. உம்முடைய முதுகு முடிய வேண்டிய இடத்தில் கோழியின் வால்முனை குத்திட்டு நின்றது. தொட்டிக்குள் கையை விட எனக்குக் கூச்சமாக இருந்தது.

கிழித்துப் போடப் போனேன். நீர் விடவில்லை. "இதத்தானே வே தேடிக்கிட்டு இருந்தேன்" என்றீர், விளையாட்டாகத்தான். வேறு படம் எடுத்து டாக்டருக்குக் கொடுத்தோம். அக்கா பார்த்தால் பயப்படுவார்கள் என்று இந்தப் படத்தை என் வீட்டில் வைக்கச் சொன்னீர். உம்மை வளர்த்து, உம்மோடு ஒரே வீட்டில் இருந்த அக்காவுக்கு நீர் கோழியைத் தொடுகிற விஷயமே தெரியாதே.

அந்த விளையாட்டு அதோடு நின்றிருக்கலாம். வலி கூடினபோதெல்லாம் நீர் வந்து படுப்பீர். பழைய படத்தையும் புதியதையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுவேன். ஒவ்வொரு முள்ளெலும்பாக ஒட்டிக்கொண்டே நோய் மேலே ஏறியது. எலும்பு உள்ளுக்குள் கரைந்து, படத்துக்குப் படம் மங்கிக்கொண்டே வந்தது. கழுத்து முன்னால் நீண்டது. திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு திரும்பினீர். கண் அழற்சி வந்து செம்போத்துப் பறவையின் கண் போலச் சிவந்தது. அதுவும் இந்த நோயின் சேட்டைதான் என்றார் டாக்டர். "பறவைக்கும் முதுகு வளையாது வே. பறக்கணும்னா எலும்பு ஒட்டணும், உள்ளுக்குள்ள கூடாகணும்" என்றீர். நான் பேச்சை மாற்றினேன். நீர் விடவில்லை.

"எனக்குத் தெரியாதா? நோய் வேற, பரிணாமம் வேற. ஒத்த ஆளு உடம்புல நடக்கது பரிணாமமே கிடையாது. பிள்ளைகளுக்கு அதத்தான் சொல்லிக் குடுக்கேன். ஆனா குளிச்சிட்டுக் கண்ணாடி முன்னால நிக்கும்போது தெரிஞ்சதெல்லாம் மறந்து போவுது வே."

பயத்தை நீர் வாய்விட்டுச் சொன்னது அந்த ஒரு தரம்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குறுக்குத்துறைப் படித்துறைக்குப் போவோம். அண்ணாந்து பார்க்க முடியாமல் போன பிறகு, ஆற்றுத் தண்ணீரில் தெரிகிற பறவைகளைத்தான் நீர் பார்த்தீர். "கூழைக்கடா போவுது" என்று குனிந்தபடியே சொல்வீர். நான் தலையைத் தூக்கிப் பார்ப்பேன், போய்க்கொண்டிருக்கும். ஒரு நாள் நான் வடை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது நீர் கடைசிப் படியில் நின்றுகொண்டிருந்தீர். உமக்குக் கையெட்டும் தூரத்தில் ஒரு சாம்பல் நாரை நின்றது. இருவரும் ஒரே மாதிரிக் கழுத்தை நீட்டி, தண்ணீரையே பார்த்துக்கொண்டு, அசையாமல். நான் ஒரு படி இறங்கியதும் நாரை பறந்துவிட்டது. அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாள் என்னைக் கடிந்தாள்.

"நீங்க ஏன்யா இறங்குனிய? அவுக நின்னா அதுக நவுராதுல்லா. நான்தான் தெனமும் பாக்கேனே."

நாம் ஞாயிறுகளில் மட்டும்தான் வருகிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தினமும் எதற்கு வருகிறீர் என்று உம்மிடம் கேட்டேன். நீர் வடையைப் பிட்டுப் பாதியை என்னிடம் நீட்டினீர். அன்று ஆட்டோவில் திரும்பும்போதுதான் முதுகைப் பற்றிப் பேச்செடுத்தீர். உடம்பை மெடிக்கல் காலேஜுக்குக் கொடுத்துவிட வேண்டும், முதுகை அவர்கள் எடுத்து வைக்கட்டும் என்றீர். "எரிச்சா நடுவுல உள்ளதும் போயிரும்லா." விளையாட்டாகச் சொல்கிறீரா என்று தெரிந்துகொள்ள நான் குனிந்து உம் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. முகத்தில் விளையாட்டு இல்லை. சரி என்றேன்.

உம் கடைசி சந்தோஷம் ஒரு போன். நான் வேலையில் இருந்தேன். சீனாவில் புதிதாக ஒரு கல் கிடைத்திருக்கிறது, அதில் குட்டை வால் பறவை, அதன் வயதோ கிட்டத்தட்ட அந்த ஜெர்மனிப் பறவையின் வயதுதான் என்றீர். நெஞ்சுக்கூடு விரியாத ஆளுக்கு அவ்வளவு பேச்சே அதிகம். மூச்சு இழுத்து இழுத்துச் சொன்னீர்.

"நாம நெனச்சத விட முன்னாலயே ஆயிருக்கு வே. நாம நெனச்சத விட வேகமா. நீள வாலும் குட்ட வாலும் ஒரே காலத்துல பறந்திருக்கு. ஒண்ண ஒண்ணு பாத்திருந்தா என்ன நெனச்சிருக்கும்?"

"பயந்திருக்கும்" என்றேன்.

"பயந்திருக்காது. பக்கத்துல வந்து நின்னிருக்கும்."

அந்த மாதமே குளியலறையில் வழுக்கி விழுந்தீர். கழுத்தில் அடி. ஒட்டிப்போன எலும்பு வளையாது, ஒடியத்தான் செய்யும். பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நீர் கேட்டதை அக்காவிடம் சொன்னேன். கல்யாணம் செய்துகொள்ளாத உமக்குச் சொந்தம் என்று இருந்தது அவர்கள் ஒருவர்தானே. அவர்கள் சம்மதிக்காமல் எதுவும் ஆகாது.

"என்ன பேச்சு பேசுதிய தம்பி? அந்த முதுகால அவன் பட்டது போதாதா? செத்த பொறவும் அத மாட்டி வச்சு நாலு பேரு பாக்கணுமா? எரிஞ்சு, கரைஞ்சு, ஒண்ணுமில்லாமப் போகட்டும்."

அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. உமக்குக் கொடுத்த வாக்கை விட்டுவிட்டு, பாடைக்கு மூங்கில் வாங்கப் போனேன்.

பாடையில் உம்மை மல்லாக்கக் கிடத்தினார்கள். தலை கீழே படியவில்லை. அழுத்திப் பார்த்தார்கள், படியவே இல்லை. வைக்கோலைச் சுருட்டித் தலைக்குக் கீழே கொடுத்தும், எழுந்திருக்கப் பார்க்கிற ஆளைப் போலவே நீர் ஆற்றங்கரை வரைக்கும் வந்தீர். வழி நெடுகப் பின்னால் வந்தவர்களை எல்லாம் பார்த்துக்கொண்டே வந்தீர். யாரும் உம் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்து நடந்தார்கள். நானும் அப்படித்தான் நடந்தேன்.

மறுநாள் காலை காடாத்து. சாம்பலில் பாலும் தண்ணீரும் தெளித்து ஆற்றி, எலும்பைப் பொறுக்கிக் கலயத்தில் சேர்க்கிற சடங்கு. பெண்கள் வரும் வழக்கமில்லை என்று சொந்தக்காரர்கள் தடுத்தார்கள். "அவனுக்கு அம்மையும் நான்தான்" என்று சொல்லிவிட்டு அக்கா வந்துவிட்டார்கள். கால் பக்கத்திலிருந்து தலைப் பக்கமாகப் பொறுக்க வேண்டும். பாதமும் முழங்காலும் தொட்டால் உதிர்கிற துண்டுகளாகத்தான் கிடைத்தன. இடுப்புக்கு வந்தபோது அக்காவின் கை நின்றது. சாம்பலுக்குள்ளிருந்து வெள்ளையாக ஒன்று வந்தது. முள் முள்ளாகப் பிரிந்திருக்க வேண்டியது, ஒரே குச்சியாக.

"இது என்ன எலும்பு தம்பி?"

"முதுகுக்கா."

"எல்லாருக்கும் இப்படியா இருக்கும்?"

"இல்லக்கா. ஒவ்வொண்ணாத்தான் இருக்கும். இவருக்கு ஒட்டிப் போச்சு."

கலயத்தின் வாய் சின்னது. குச்சி நுழையவில்லை. சுடுகாட்டுக்காரர், "தட்டிப் போடுங்கம்மா, எல்லாரும் செய்யதுதான்" என்று கம்பை நீட்டினார். அக்கா கம்பை வாங்கவில்லை. குச்சியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு சாம்பலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"கூன் போடாதல, நிமிந்து நடலன்னு சொல்லிக்கிட்டே கெடந்தேனே. எண்ணெ தேச்சு அமுக்கு அமுக்குன்னு அமுக்குவேனே. முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லலியே பாவி."

வீட்டில் அழாத அக்கா அங்கேதான் அழுதார்கள். அழுது முடித்து, முந்தானையால் சாம்பலைத் துடைத்து, அதை என் கையில் வைத்தார்கள். "இத உடைக்க எனக்கு மனசு வரல. அவன் கேட்ட மாதிரி நீங்களே எங்கனயாவது வச்சிருங்க. எங்கனன்னு எங்கிட்டச் சொல்ல வேண்டாம்." பிறகு எல்லாரும் கலயத்தோடு புன்னக்காயலுக்குக் கிளம்பினார்கள். மற்ற எல்லாம் அங்கே, ஆறு கடலில் சேர்கிற இடத்தில் கரைந்தது.

எலும்பை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. சாம்பலிலிருந்து எடுத்ததை மெடிக்கல் காலேஜில் வாங்கவும் மாட்டார்கள். நேரே உம் கல்லூரிக்குப் போனேன். உம்மிடம் படித்து, இப்போது உம் நாற்காலியில் இருக்கிற டீச்சரிடம், எலும்பைச் சுற்றியிருந்த துண்டைப் பிரித்துக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அலறுவார் என்று நினைத்தேன். கண்ணாடி அலமாரியைத் திறந்தார். நீர் அடுக்கி வைத்த வால்கள். ஓணானின் வால், அடுத்து ஆதிப் பறவையின் வாலைப் பார்த்துப் பிளாஸ்டரில் செய்தது, அடுத்து வெறும் தட்டு, அதற்கும் அந்தப் பக்கம் மேலப்பாளையத்துக் கோழி.

"சார் இருந்த வரைக்கும் இந்த எடத்துல எதையும் வைக்க விட்டதில்லண்ணே. ஏன் சார்னு கேட்டா, ஆளு வரும்னு சொல்வாரு."

துண்டிலிருந்து உம்மை எடுத்தேன். வைத்தேன். அந்த இடத்துக்கு அளவெடுத்தது போல இருந்தீர்.

போன வாரம் அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போனவன் உள்ளே நுழைந்தேன். முதல் வருடப் பிள்ளைகள் அலமாரியைச் சுற்றி நின்றார்கள். ஒரு பெண் என்னைக் கல்லூரி ஊழியர் என்று நினைத்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணே, இதுக்கு மட்டும் பேரு எழுதலியே. இது எந்தப் பறவையோட வாலு?"

மனுசன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

"இன்னும் பறவை ஆகல தாயி. பாதி வழியில நிக்கு."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கண்ணாடியோடு முகத்தை ஒட்டி வைத்து உம்மை வெகுநேரம் பார்த்தாள்.

"எப்ப ஆகும்?"

"சீக்கிரம்" என்றேன். சொன்ன குரல் என்னுடையது மாதிரி இல்லை வே.

சுடுகாட்டிலிருந்து கல்லூரி வரைக்கும் உம்மைத் துண்டில் சுற்றி ஸ்கூட்டரில் கொண்டுபோனேன். கனமே இல்லை. ஆற்றுப் பாலத்தின் மேல் காற்று வீசி அடித்தது. கையை எடுத்தால் போய்விடுவீர் என்று பயந்து, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டினேன். உம்மை அந்தத் தட்டில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. இந்தக் கை மட்டும் இன்னும் பிடியை விடவில்லை.